சவுக்கு இலை வைத்த பக்கம்

குழந்தைகள் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும், சாவிக்கொத்தோடு இந்தத் தாள்களையும் வைத்துவிட்டுப் போகிறேன். என் கணவருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியோடு நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். புத்தகத்துக்கு எண் போடுவது, அட்டை எழுதுவது, முத்திரை குத்துவது எல்லாம் இரண்டு வாரத்தில் உங்களுக்குக் கைவந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. ஏழு வருடங்களுக்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். செய்தபோது அது தவறாகத் தெரியவில்லை. கெட்டிக்காரத்தனமாகக்கூடத் தெரிந்தது.

போன மாதம் வரை யாராவது கேட்டிருந்தால், இந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். போன மாதம் ஒரு மழை நாளில் ஒரு பெண் வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அன்றிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில மாதங்கள் கழித்து நான் வேலையில் சேர்ந்தேன். ஊரில் எல்லோருக்கும் ஒரு கலக்கம் இருந்தது. நேற்று வரை பிரெஞ்சு படித்தால் வேலை. இனிமேல் எது படித்தால் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. என் மகள் நிர்மலாவுக்கு அப்போது பத்து வயது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியிலேயே அவளையும் போட்டிருந்தேன். கொடி மாறியதும் அவசர அவசரமாகத் தமிழ்ப் பள்ளிக்கு மாற்றினேன். அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். வகுப்பில் மற்றக் குழந்தைகள் கடகடவென்று படிக்கும்போது இவள் விரலை வைத்துத் தேடிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்து எனக்கு ஓயாத பயம். அந்தப் பயத்தோடுதான் தினமும் இங்கே வந்து உட்கார்ந்தேன். என் வேலையும் அப்போது தற்காலிகம்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் இருக்கும் நம்முடைய இந்தச் சின்னக் கிளை அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. முன்னறையில் பத்திரிகை படிப்பவர்கள், உள்ளே குழந்தைகள். குழந்தைகள் அறையின் கீழ்த்தட்டில் சிவப்புத் தோல் அட்டை போட்ட பிரெஞ்சு அகராதிகள் வரிசையாக நிற்கின்றனவே, அவையும் அப்போதே அங்கே இருந்தன. வேறு இடம் இல்லாததால் அங்கே வைத்தார்களாம். கொடி மாறிய பிறகு அவற்றை யாரும் உருவிப் பார்த்ததில்லை. தூசி தட்டுகிற ஆள்கூட முதுகை மட்டும் துடைத்துவிட்டுப் போவான்.

தலைமை நூலகர் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வேலை பார்த்தவர். பிரெஞ்சு வழக்கப்படி எல்லோரும் அவரை முசியே என்றும் என்னை மதாம் என்றும்தான் கூப்பிடுவார்கள். நான் சேர்ந்த நாளில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"எடம் மாறுன பொஸ்தகம் காணாம போன பொஸ்தகம்தான் மதாம். அத மட்டும் பாத்துக்குங்க."

அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். மாலையில் கதவைச் சாத்துமுன் ஒவ்வொரு தட்டாகப் பார்ப்பேன். எந்தப் புத்தகம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எந்தக் குழந்தை எங்கே என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப்போக ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சொந்த வீடு உள்ளவரோ அரசாங்க ஊழியரோ அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி யாரும் இல்லாத குழந்தைகள் இங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். அன்றைக்கும் அதே விதிதான்.

நான் சேர்ந்து ஐந்தாறு மாதம் இருக்கும். புத்தகச் சரிபார்ப்புக்குப் புதிய அரசாங்கத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. ஒவ்வொரு புத்தகமும் தட்டில் இருக்க வேண்டும், அல்லது வெளியே போனதற்கு அட்டை இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். பத்து நாள் இருந்தது. பார்த்ததில் ஒரு கதைப் புத்தகம் இல்லை. காணாமல்போன அண்ணனைத் தேடி, குயவர் வீட்டுப் பெண் ஒருத்தி கழுதையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற கதை. தடித்த புத்தகம். புதிதாக வந்தது என்பதால் குழந்தைகள் போட்டி போட்டு எடுப்பார்கள்.

இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தபோது, அகராதிகளில் ஒன்று மற்றவற்றைவிட அரை விரற்கடை முன்னால் துருத்திக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. உருவினேன். அதற்குப் பின்னால், சுவரை ஒட்டி, அந்தக் கதைப் புத்தகம். அடையாளத்துக்கு நடுப்பக்கம் ஒன்றில் சவுக்கு இலை வைத்திருந்தது. ஊசி மாதிரி இருக்குமே, அது.

இலையை எறிந்துவிட்டுப் புத்தகத்தை அதன் இடத்தில் வைத்தேன். மறுநாள் மறுபடியும் காணோம். அகராதியை உருவினால் பின்னால் இருந்தது. இன்னொரு சவுக்கு இலை, கொஞ்சம் பக்கங்கள் தள்ளி. எடுத்து இடத்தில் வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. நான் எடுத்து வைக்க வைக்க, யாரோ ஒளித்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆள் அசந்த நேரத்தில் பாவாடையில் செருகிக்கொண்டு போகத்தான் இங்கே பதுக்குகிறார்கள் என்று முடிவு கட்டினேன். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு மேல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

மாட்டியவள் அஞ்சலை.

அவளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பதினொரு வயது இருக்கும். அவள் அம்மா பிள்ளைச்சாவடியிலிருந்து கூடையில் மீன் சுமந்துகொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு வருவாள். கூடவே இவளும் நடந்து வருவாள். அம்மா மீனை விற்று முடிக்கும்வரை இவள் இங்கே இருப்பாள். உள்ளே வருமுன் குழாயடியில் நின்று, பாவாடை முனையில் முடிந்து கொண்டுவந்த புளியைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். ஆனாலும் பெஞ்சில் மற்றப் பெண்கள் தள்ளித்தான் உட்காருவார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"நில்லு. என்ன பண்றே அங்க?"

"பொஸ்தகம் வெக்கறேன் மதாம்."

"அது அதோட எடமா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு ஒளிக்கிறே? யாருக்குத் தூக்கிக் குடுக்கப் போறே?"

அவள் நிமிர்ந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"நாங்க மீனு விக்கறவங்க மதாம். திருடறவங்க இல்ல."

முன்னறையிலிருந்து ஒருவர் பத்திரிகையை இறக்கிப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அப்ப எதுக்கு இப்படிப் பண்றே?"

"அங்க வெச்சா வேற யாருனா எடுத்துகினு போயிடறாங்க. போன மொற ஒரு பொண்ணு எடுத்துகினு போயி பதினஞ்சு நாளு கழிச்சிக் கொண்டாந்திச்சி. எனக்கு வூட்டுக்குத் தர மாட்டீங்க. கையெழுத்துப் போட யாரு இருக்கா? எங்கப்பாவுக்குச் சொந்தம்னா ஒரு கட்டுமரம் இருக்குது. அது கையெழுத்துப் போடுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"மத்த பொண்ணுங்களும் படிக்க வேணாமா?"

"அவங்க எப்ப வேணா படிக்கலாம். எனக்கு நாளு இல்ல மதாம்."

"என்ன நாளு இல்ல?"

தலையைக் குனிந்துகொண்டாள். "வயசுக்கு வந்துட்டா எங்கம்மா கூட்டியாராது. குப்பத்தோட இருந்துடணும். எங்கக்காவுக்கும் அப்டித்தான் ஆச்சி." பிறகு ஒரே மூச்சில் கொட்டினாள்: "தெனம் சாயங்காலம் வலை காயற எடத்துல புள்ளைங்க எல்லாம் வந்து குந்திக்குதுங்க மதாம். இன்னிக்கி படிச்சத இன்னிக்கே சொல்லியாவணும். சின்னப்பொண்ணுன்னு பக்கத்து வூட்டுப் புள்ள. அதோட அண்ணன் போன வருசம் கடலுக்குப் போனவன் வரல. அது உசுர எடுக்குது. 'அண்ணன் கெடச்சானா, அண்ணன் கெடச்சானா'ன்னு தெனம் இதே கேள்வி. நானே கழுதைக்குக் காலு ஒடிஞ்ச எடத்துலதான் நிக்கறேன், எங்கேருந்து சொல்றது?"

"இன்னும் எவ்ளோ பாக்கி?"

மீதிப் பக்கங்களை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினாள். "இம்மாந்தான். நாலு நாளு. மிஞ்சிப்போனா அஞ்சு."

இந்த இடத்தில் நீங்கள் நிறுத்தி யோசிக்க வேண்டும். நானும் அரசாங்க ஊழியர்தான். மேசையில் பேனா இருந்தது, பெட்டியில் வெற்று அட்டைகள் இருந்தன. ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அவள் அன்றே புத்தகத்தை எடுத்துப் போயிருப்பாள். அது எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். தோன்றியது. குடிசையில் மழை ஒழுகிப் புத்தகம் கெட்டுப்போனால்? என் தற்காலிக வேலைக்குக் கேடு வந்தால்? குப்பத்துப் பெண்ணுக்குக் கையெழுத்துப் போட்டாளாம் என்று இங்கே யாராவது சிரித்தால்? இந்த மூன்றும் அதே வேகத்தில் தோன்றின. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி சொன்னேன்.

"இனிமே ஒளிக்காதே. படிச்சு முடிச்சதும் எங்கிட்டக் குடு. நான் மேசையில எடுத்து வெக்கறேன். மறுநாள் வந்து கேட்டு வாங்கிக்க."

"நெசமாவா?"

"நெசமா."

இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டினாள். "எலை வுழாம பாத்துக்குங்க மதாம். வுழுந்துட்டா எடம் தெரியாது."

அவள் போன ஒரு மணி நேரத்தில் ஆள் வந்து சொன்னான்: அதிகாரி, சொன்ன நாளுக்கு முன்னதாக, நாளைக் காலையிலேயே வருகிறாராம்.

எல்லாம் சரியாக இருந்தது, மேசையில் கிடந்த அந்த ஒரு புத்தகத்தைத் தவிர. தட்டில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள், கொடுத்த வாக்கு போய்விடும். மேசையிலேயே இருந்தால் இது என்ன பழக்கம் என்று அதிகாரி கேட்பார். அட்டை போட்டு வெளியே அனுப்புவதுதான் சரி. யார் பெயரில்? நிர்மலாவுக்கு ஏற்கெனவே அட்டை இருந்தது. ஜாமீன் என் கையெழுத்துதான். அவளும் தமிழ் படிக்க வேண்டும். ஒரே அட்டையில் இரண்டு காரியம் முடிந்துவிடும் என்று எனக்குள் ஒரு திருப்தி. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"இத முடி. ஞாயித்துக்கெழம கேள்வி கேப்பேன்" என்று சொல்லி நிர்மலாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கி ஜன்னலில் வைத்தாள்.

சரிபார்ப்பு நல்லபடியாக முடிந்தது. இவ்வளவு ஒழுங்கான கிளையைப் பார்த்ததில்லை என்று அதிகாரி சொன்னார். அந்தச் சந்தோஷத்தில், புத்தகத்தை ஒளித்த பெண்ணைப் பிடித்த கதையை முசியேவிடம் ஒரு பெருமையோடு சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"பொஸ்தகம் கெடச்சிட்டுது. நல்லது. அந்தப் பொண்ணு?"

"அது தெனம் வருது முசியே."

"வருது, சரி" என்றார். இன்னும் ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்துபோய்விட்டார். நான் சொன்னது அவருக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைத்தேன். மூன்று வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றபோது ஜாமீன் அட்டைப் பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். எத்தனையோ குழந்தைகளின் அட்டையில் அவருடைய சாய்ந்த பிரெஞ்சுக் கையெழுத்து இருந்தது. கூலிக்காரர் பிள்ளைகள், ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள். இப்படிச் செய் என்று ஒரு நாளும் அவர் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அவர்மேல் இன்றைக்கும் ஒரு வருத்தம் உண்டு. ஆனால் 'அந்தப் பொண்ணு?' என்று அவர் கேட்டதே புரிகிற நிலையில் நான் அன்று இல்லை.

சரிபார்ப்பு நடந்த அன்றைக்கே அஞ்சலை வந்தாள். கையைக் கழுவிப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"மதாம், பொஸ்தகம்?"

"ஒரு பொண்ணு எடுத்துட்டுப் போயிருக்கா."

"எடுத்து வெக்கறேன்னு சொன்னீங்களே."

"அதிகாரி வந்துட்டாரு. பதினஞ்சு நாள்ல வந்துடும்."

"யாரு மதாம் அந்தப் பொண்ணு? இங்க வருமா? அது படிக்கும்போது நான் பக்கத்துல குந்திகினு பாத்துக்கறேனே."

"அதெல்லாம் சொல்லக் கூடாது. போ, வேற எதுனா எடுத்துப் படி."

என் பெண் என்று நான் சொல்லவில்லை. அவள் வேறு எதையும் எடுக்கவும் இல்லை. தட்டில் அந்தப் புத்தகம் இருக்க வேண்டிய இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாள். தினமும் வந்தாள். தினமும் விரலை விட்டுப் பார்த்தாள். அந்தப் பதினைந்து நாளும் நான் நிமிராமல் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாம் நாள் வீட்டில் நிர்மலாவைக் கேட்டேன். "இன்னும் முடிக்கலம்மா" என்றாள். அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. முதன்முதலாக ஒரு தடித்த தமிழ்ப் புத்தகத்தில் இறங்கியிருக்கிறாள், முடிக்கட்டும் என்று இன்னும் பதினைந்து நாளுக்கு அட்டையைப் புதுப்பித்தேன். அஞ்சலையிடம் அந்தப் பெண் இன்னும் முடிக்கவில்லை என்றேன்.

"அவ்ளோ மெதுவாவா படிக்குது அது?" என்று கேட்டாள். ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள், வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்கு எங்கே வலிக்குமோ அங்கேயே பட்டது.

"மெதுவாப் படிச்சா உனக்கென்ன? அவளும் கத்துக்க வேணாமா?" என்று கத்திவிட்டேன். அறையில் எல்லாக் குழந்தைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

அஞ்சலை மேசையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள். "சரி மதாம்" என்றாள். அடுத்த வாரம் முழுக்க வந்தாள். அதற்கப்புறம் வரவில்லை. சில நாள் கழித்து மார்க்கெட்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். "அஞ்சல வயசுக்கு வந்துட்டா மதாம். வவ்வாலு மீனு நல்லா இருக்குது, பாக்கறீங்களா?" என்றாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

புத்தகம் இங்கே திரும்பி வரவே இல்லை. வீடு மாறினோம், பெட்டியில் எங்கோ போய்விட்டது. ஒரு மழைக்காலத்தில் கரையான் அரித்த புத்தகங்களுக்குப் பட்டியல் எழுதியபோது அதையும் அதில் சேர்த்து, பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டேன். வீட்டில் இருப்பது அப்போது நினைவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நினைவு இருந்திருக்கும்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த காலை நேரம். குழந்தைகள் யாரும் வரவில்லை. வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். ஈரக் காலோடு உள்ளே வரத் தயங்கி, எட்டிப் பார்த்தாள்.

"அந்தத் தடிப் பொஸ்தகங்க இன்னும் அங்கியேதான் குந்தியிருக்குதா?" என்று சிரித்தாள்.

அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. உள்ளே வரச் சொன்னேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கடலூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அம்மா வீட்டுக்கு வந்தவள் அன்றே கிளம்புகிறாள்.

"ஒண்ணு கேக்கத்தான் வந்தேன் மதாம். அந்தக் கதையில அண்ணன் கெடச்சானா?"

எனக்குக் கதை நினைவுக்கு வரவில்லை என்று நினைத்து அவளே சொன்னாள்.

"கழுதைய ஓட்டிகினு போவுமே ஒரு பொண்ணு, அந்தக் கதை. சின்னப்பொண்ணு என்ன உடல மதாம். அண்ணன் கெடச்சானா, கெடச்சானான்னு கேட்டுகினே இருந்திச்சி. ஒரு நாளு நானே சொல்லிட்டேன். கழுதைக்குக் காலு ஆறிப்போச்சி, கடக்கரையில அண்ணன் நிக்கறான், இவளப் பாத்து ஓடியாரான்னு. அன்னிக்கித்தான் அது வயிறாரச் சோறு தின்னுச்சி. இப்ப வர்ற தை மாசம் அதுக்குக் கல்யாணம். எங்கண்ணன் வந்து தாலிக்கு நிப்பான்னு இன்னமும் சொல்லிகினு இருக்குது. எனக்கு பகீர்னுது. நான் சொன்னது கதையில இருக்குதா, இல்ல பொய்ய சொல்லிட்டேனா? அது தெரியணும் மதாம்."

ஆமாம், கிடைத்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். நிம்மதியாகப் போயிருப்பாள். ஆனால் இவளிடம் நான் ஏற்கெனவே ஒரு முறை 'நெசமா' என்று சொல்லியிருக்கிறேன்.

"எனக்குத் தெரியாது அஞ்சல. நான் அதப் படிக்கல."

அவள் முதலில் நம்பவில்லை. சுற்றிலும் தட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இத்தினியையும் காவ காத்துகினு இருந்தீங்களே மதாம், ஒண்ணக்கூடவா தொறந்து பாக்கல?"

இடுப்பிலிருந்த குழந்தையும் சேர்ந்து சிரித்தது. அவளிடம் துளிகூடக் கோபம் இல்லை. "சரி உடுங்க. எங்கனா கெடச்சா பாத்து வெய்ங்க. தைக்குக் கல்யாணத்துக்கு வருவேன், வந்து கேட்டுக்கறேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று வீட்டுக்குப் போனதும், கழுதையை ஓட்டிக்கொண்டு அண்ணனைத் தேடிப் போகிற பெண்ணின் கதை எங்கே என்று நிர்மலாவிடம் கேட்டுக்கொண்டே பெட்டிகளைக் குடைந்தேன். காரைக்காலுக்குக் கட்டி வைத்திருந்த சாமான்களை எல்லாம் அவிழ்த்துப் போட்டேன். நிர்மலாவின் பழைய பாவாடைகளுக்கு அடியில் புத்தகம் இருந்தது. திறந்தேன். அஞ்சலை வைத்த இடத்திலேயே அந்தச் சவுக்கு இலை இருந்தது. காய்ந்து பழுப்பாகியிருந்தது. தொட்டதும் மூன்று துண்டாக ஒடிந்தது. ஏழு வருடமாக அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை.

நிர்மலா வாசற்படியில் நின்றிருந்தாள். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. இந்த வருடம் தேர்வில் தமிழில்தான் தவறினாள்.

"இத நீ படிக்கவே இல்லியா?" என்றேன்.

"இல்லம்மா."

"முடிக்கல, முடிக்கலன்னு சொன்னியே?"

"முடிக்கலதானே? ஆரம்பிக்கவே இல்ல." சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "குடுக்கும்போதே ஞாயித்துக்கெழம கேள்வி கேப்பேன்னு சொல்லிக் குடுத்தே. அப்பறம் யாருக்குத் தொறக்கத் தோணும்? கழுதைய ஓட்டிட்டு ஒரு பொண்ணு அண்ணனத் தேடிப் போறாடின்னு சொல்லியிருந்தேன்னா படிச்சிருப்பேன்."

எப்படிச் சொல்லியிருப்பேன்? எனக்கே தெரியாதே, மேலட்டையில் இருந்த படத்தைத் தாண்டி. அஞ்சலை சொன்னதைக்கூட நான் கதையாகக் காதில் வாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் பிள்ளைச்சாவடி போனேன். அஞ்சலையின் அம்மாவுக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. மகள் தைக்குத்தான் வருவாள் என்றாள். புத்தகத்தைக் கொடுத்து, வந்ததும் அவளிடம் கொடுக்கச் சொன்னேன். வாங்கவில்லை. கூரையைக் காட்டினாள்.

"எப்டி ஒழுவுது பாருங்க. அடுப்பே நனஞ்சி கெடக்குது. இது இங்க ஒரு வாரம் தாங்காது. உங்க எடத்துலியே வெய்ங்க மதாம், அவளே வந்து வாங்கிக்குவா."

நான் எழுந்திருக்கும்போது, மடியில் கிடந்த வலையின் பொத்தலைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "அப்ப மார்க்கெட்டுலேருந்து திரும்பறப்ப தெனம் அழுதுகினே வருவா. கூடய நீ தூக்காதே, கண்ணுத் தண்ணி பட்டு மிச்ச மீனெல்லாம் கருவாடாயிடும்னு கேலி பண்ணுவேன். எதுக்கு அழுவறேன்னு மட்டும் கேக்கல. ஒரு பொஸ்தகத்துக்கா அழுவான்னு எனக்கும் தெரியல."

எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாததில் குற்றம் இல்லை. எனக்கு அது வேலை.

வருகிற வழியில் சாலையோரச் சவுக்குத் தோப்பில் ஒரு பச்சை இலை பறித்து, ஒடிந்த இலை இருந்த பக்கத்தில் வைத்தேன். அன்று முதல் தினமும் காலையில் கதவைத் திறக்குமுன் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நேற்று அந்த இலை வரை வந்துவிட்டேன். கழுதைக்குக் கால் கட்டுப்போட்டுவிட்டு, அந்தப் பெண் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு மேல் படிக்கவில்லை. அதற்கு மேல் முதலில் படிக்க வேண்டியவள் அஞ்சலை. அண்ணன் கிடைத்தானோ இல்லையோ, கல்யாணப் பெண்ணிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். அந்தப் பொறுப்பை ஏழு வருடம் அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

புத்தகத்தை மறுபடியும் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். கரையான் பட்டியலில் நான் எழுதிய வரியை அடித்து, பக்கத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கு யாராவது விளக்கம் கேட்டால் காரைக்காலுக்கு எழுதச் சொல்லுங்கள். அஞ்சலை பெயரில் ஓர் அட்டை போட்டிருக்கிறேன். ஜாமீன் என் கையெழுத்து. மாதக் கடைசி வரை நான் அரசாங்க ஊழியர்தான், செல்லும். திருப்பித் தர வேண்டிய தேதியை எழுதாமல் விட்டிருக்கிறேன். நீங்களும் எழுத வேண்டாம்.

தை மாதம் அவள் வருவாள். உங்களைப் பார்த்துத் தயங்கினால் ஒன்றும் சொல்ல வேண்டாம், உள்ளே விடுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சிவப்பு அகராதிகளில் இடது பக்கத்திலிருந்து நான்காவது, மற்றவற்றைவிட அரை விரற்கடை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். தூசி தட்டும்போது அதை உள்ளே தள்ளிவிடாதீர்கள்.